மூச்சுக்கு ஒரு மறுகால்

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் கட்டுவிரியன் கடித்தவர்கள் பெரும்பாலும் விடியற்காலையில்தான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேருவார்கள். இரவில் தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். கடித்தது தெரிந்திருக்காது, பல் தடம்கூடச் சரியாகப் பதிந்திருக்காது. வயிற்று வலியோடு எழுந்தவருக்கு, தின்றது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் சோடா வாங்கிக் கொடுப்பார்கள். சற்று நேரத்தில் இமை சரியும், பேச்சுக் குழறும், எச்சிலை விழுங்க வராது. மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ பெரியாஸ்பத்திரிக்கு 108 வண்டியில் வரும்போது முகத்தில் ஆக்சிஜன் முகமூடி இருக்கும், விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டர் இருக்கும். அதில் 98 என்ற எண் தெரியும்.

அந்த எண் சரியானதுதான். ரத்தத்தில் ஆக்சிஜன் போதிய அளவு இருக்கிறது என்பதை மட்டும் அது காட்டுகிறது. மூச்சுத் தசைகள் தளர்ந்து, ஒவ்வொரு மூச்சும் சுருங்கிக்கொண்டே போய், உடல் உண்டாக்கும் கரியமில வாயு வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் ஏறிக்கொண்டிருப்பதை அந்தக் கருவியால் அளக்க முடியாது. கூட வந்தவர்கள் 98ஐப் பார்த்து ஆறுதல் அடைந்திருக்கும்போதே நோயாளி அரைத் தூக்கத்தில் ஆழ்வார். நஞ்சின் மயக்கம் என்று அதை நினைத்துவிடுவது எளிது. பெரும்பாலும் அது கரியமில வாயுவின் மயக்கம்.

கொரோனா காலத்தில் தமிழ்நாட்டின் வீடு வீடாக பல்ஸ் ஆக்சிமீட்டர் போய்ச் சேர்ந்தது. ஆக்சிஜன் சிலிண்டருக்காக மக்கள் வரிசையில் நின்றார்கள். மூச்சு என்றாலே ஆக்சிஜன் என்ற எண்ணம் அதற்குப் பிறகு இன்னும் வேரூன்றிவிட்டது. மூச்சுக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஆக்சிஜனை உள்ளே கொண்டுவருவது ஒன்று. கரியமில வாயுவை வெளியேற்றுவது மற்றொன்று. இந்த அத்தியாயம் இரண்டாவதைப் பற்றியது.

1959இல் அமெரிக்காவில் ஃப்ரூமினும் அவரது சகாக்களும் செய்த ஆய்வு ஒன்றைப் படித்தால் இந்த இரண்டு வேலைகளும் எவ்வளவு தனித்தனியானவை என்பது விளங்கும். அறுவை சிகிச்சைக்காக மயக்கமருந்து கொடுக்கப்பட்ட எட்டுப் பேரின் நுரையீரலை முதலில் தூய ஆக்சிஜனால் நிரப்பினார்கள். பிறகு தசைகளைத் தளர்த்தி மூச்சை முழுக்க நிறுத்தி, குழாய் வழியே ஆக்சிஜன் மட்டும் கிடைக்கும்படி வைத்தார்கள். மூச்சு ஓடவில்லை. ஆனாலும் ரத்தத்தில் ஆக்சிஜன் குறையவில்லை. ஒருவருக்கு முக்கால் மணி நேரத்துக்கும் மேல் குறையாமலே இருந்தது. கரியமில வாயுவோ ஏறிக்கொண்டே போனது. சாதாரணமாக 40 மி.மீ. பாதரச அளவில் இருக்க வேண்டிய அதன் அழுத்தம் ஒருவருக்கு 250ஐத் தொட்டது. ரத்தத்தின் பி.எச். 7.4இலிருந்து 6.72க்கு இறங்கியது. எட்டுப் பேரும் பிழைத்தார்கள். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இப்படியொரு ஆய்வுக்கு அனுமதி தராது, தரவும் கூடாது. ஆனால் மூச்சு நின்றவருக்கு ஆக்சிஜன் மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைத்தது.

மூச்சு அடியோடு நின்றால் கரியமில வாயுவின் அழுத்தம் முதல் நிமிடத்தில் சட்டென்று ஏறி, பிறகு நிமிடத்துக்கு 3 முதல் 4 மி.மீ. வீதம் ஏறும். திடீரென்று ஏறும் ஒவ்வொரு 10 மி.மீ.க்கும் பி.எச். ஏறத்தாழ 0.08 இறங்கும். முதலில் தலைவலி, வியர்வை, பதற்றம். பிறகு தூக்கம். அதற்கும் மேலே போனால் இதயத்தின் லயம் தடுமாறும்.

இதை விளக்க மதுரைக்காரர்களுக்குக் கண்மாயைவிட நல்ல உவமை இல்லை. வரத்துக்கால் வழியே நீர் சீராக வருகிறது. மடை வழியே அதே அளவு வெளியேறுகிறது. மட்டம் அசையாமல் நிற்கிறது. மடையைப் பாதி அடைத்தால் மட்டம் ஏறத் தொடங்கும். ஏற ஏற அழுத்தம் கூடி, பாதி மடை வழியாகவே பழைய அளவு நீர் போகத் தொடங்கும்போது மட்டம் புதிய உயரத்தில் நிலைகொள்ளும். உடலில் வரத்து என்பது திசுக்கள் உண்டாக்கும் கரியமில வாயு. ஓய்வில் இருக்கும் பெரியவருக்கு நிமிடத்துக்கு 200 மி.லி. அளவு. மடை என்பது மூச்சு. மூச்சின் பயனுள்ள அளவு பாதியானால் கரியமில வாயுவின் அழுத்தம் இரு மடங்காகி, 80இல் போய் நிற்கும். வரத்தைக் குறைக்க மருத்துவரால் ஓரளவுதான் முடியும்: காய்ச்சலைத் தணிக்கலாம், வலிப்பை அடக்கலாம், மயக்கத்தில் வைக்கலாம். மீதியெல்லாம் மடையில் செய்ய வேண்டிய வேலை.

கட்டுவிரியன் கடித்தவரிடம் பழுதானது மடை மட்டும்தான். அதன் நஞ்சில் உள்ள பீட்டா பங்காரோடாக்சின் நரம்பு முனைகளையே சிதைத்துவிடுகிறது. செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்து விஷமுறிவு மருந்து தயாராகிறது. ரத்தத்தில் சுற்றும் நஞ்சை அந்த மருந்து கட்டிப்போடும். ஏற்கெனவே சிதைந்த நரம்பு முனைகளை அதனால் மீட்க முடியாது. அவை தாமாகவே மறுபடி வளர வேண்டும். அதற்குச் சில நாட்கள் ஆகும், சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். அதுவரை வென்டிலேட்டர் அவருக்காக மூச்சு விடுகிறது. நுரையீரல் நலமாக இருப்பதால் சாதாரண வென்டிலேட்டரே போதும். கண் திறக்க முடியாமல், விரலை அசைக்க முடியாமல் கிடந்த மனிதர் ஒரு வாரத்தில் எழுந்து நடந்து வீட்டுக்குப் போவதை மருத்துவத்தின் பெரிய வெற்றிகளில் ஒன்றாக நான் மதிக்கிறேன். நஞ்சு முற்றுகையிட்ட நாட்களில் கரியமில வாயுவை வெளியேற்றிக்கொண்டே இருந்தார்கள் என்பதுதான் அங்கே நடந்தது.

பூச்சிக்கொல்லி நஞ்சிலும் இதே ஆபத்து வேறு உருவத்தில் வருகிறது. இலங்கையில் நிமல் சேனநாயக்கவும் லக்ஷ்மன் கரலியத்தவும் 1987இல் பத்து நோயாளிகளைக் கொண்டு இதை விவரித்தார்கள். ஆர்கனோபாஸ்பேட் நஞ்சின் முதல் தாக்குதலிலிருந்து தப்பியவர், எச்சில் வடிவது நின்று, நினைவு தெளிந்து, இனி பயமில்லை என்று எல்லாரும் நினைக்கும் நேரத்தில், 24 முதல் 96 மணி நேரத்துக்குள் மூச்சுத் தசைகள் செயலிழந்து விழுவார். அதற்கு முன்னறிவிப்பு கழுத்தில் இருக்கிறது. “ஐயா, தலையணையை விட்டுத் தலையைத் தூக்குங்க பாப்போம்” என்று கேட்டால் அவரால் தூக்க முடியாது. எந்தக் கருவியும் வேண்டாத இந்தச் சோதனையை நம்முடைய வட்டார மருத்துவமனைகளின் இரவுப் பணியில் இருக்கும் ஒவ்வொரு செவிலியரும் செய்ய வேண்டும்.

இன்றைய வென்டிலேட்டர் சிகிச்சையின் பிறப்பே கரியமில வாயுவைப் புரிந்துகொண்டதில்தான் தொடங்கியது. 1952இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பெருந்தொற்றாகப் பரவியது. பிளெக்டம் மருத்துவமனையில் மூச்சு முடங்கிய முதல் 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். அவர்களுடைய ரத்தத்தில் பைகார்பனேட் மிகுந்திருந்ததைக் கண்ட மருத்துவர்கள், உடலில் காரம் கூடிவிட்டது என்று எண்ணினார்கள். மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன் அதை ஏற்கவில்லை. அது வெளியேறாமல் தேங்கிய கரியமில வாயுவின் தடயம், நோயாளிகள் மூச்சுப் போதாமல்தான் இறக்கிறார்கள் என்றார். ஆகஸ்ட் 27 அன்று பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் துளையிடச் செய்து, குழாய் செருகி, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்தி மூச்சுக் கொடுத்தார். அவள் பிழைத்தாள். அதன் பிறகு ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு, இரவு பகலாக நோயாளிகளின் தலைமாட்டில் உட்கார்ந்து பையை அழுத்தினார்கள். ஒரே இடத்தில் மூச்சு முடங்கியவர்களைக் கூட்டி வைத்துக் காவல் காத்த அந்த வார்டிலிருந்துதான் உலகின் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் பிறந்தன. ரத்தத்தில் உள்ள வாயுக்களை விரைவாக அளக்கும் கருவியும் அங்கேயே, பவுல் ஆஸ்ட்ரூப்பின் ஆய்வகத்தின் நெருக்கடியிலிருந்து உருவானது. இன்று மதுரையில் எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் மணிக்கட்டுத் தமனியில் ஊசி போட்டு ரத்தம் எடுத்து ‘ஏபிஜி அனுப்பியாச்சா’ என்று கேட்பார்களே, அதன் மூலம் அதுதான்.

தசை மட்டும் பழுதானால் விடை எளிது. நுரையீரலே பழுதானால் கதை கடினமாகிறது.

உண்ணிக் காய்ச்சல், எலிக்காய்ச்சல், டெங்கு, நிமோனியா, ரத்தத்தில் பரவிய கிருமித் தொற்று: நம் ஊரில் இவற்றில் எதுவும் முற்றினால் நுரையீரலின் காற்றறைகளில் நீர் கசிந்து நிரம்பிவிடலாம். இதை ஏ.ஆர்.டி.எஸ். என்கிறார்கள். இத்தாலிய மருத்துவர் லூசியானோ கட்டினோனி 1980களில் இத்தகைய நோயாளிகளை சி.டி. ஸ்கேனில் பார்த்தபோது, நுரையீரல் முழுவதும் ஒரே மாதிரி கெட்டிருக்கவில்லை என்று கண்டார். பெரும்பகுதி அடைபட்டு, காற்றுப் போகக்கூடிய பகுதி குழந்தையின் நுரையீரல் அளவுக்குச் சுருங்கியிருந்தது. அந்தச் சிறு பகுதிக்குள் பெரியவருக்கு உரிய மூச்சை வென்டிலேட்டர் தள்ளினால் மிஞ்சியிருக்கும் நல்ல அறைகளும் கிழியும். உயிர் காக்க வைத்த இயந்திரமே நுரையீரலைக் காயப்படுத்தும்.

அதனால் சிறிய மூச்சுக் கொடுக்க வேண்டும். சிறிய மூச்சுக் கொடுத்தால் கரியமில வாயு ஏறும். ஏறட்டும், பொறுத்துக்கொள்ளலாம் என்று 1990இல் நியூசிலாந்தின் ஹிக்லிங் 50 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார். இறப்பு எதிர்பார்த்ததைவிடப் பாதிக்கும் கீழே இருந்தது. பத்தாண்டு கழித்து, 2000இல், அமெரிக்காவில் 861 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு ஐயத்தைத் தீர்த்தது. உடல் எடையில் கிலோவுக்கு 12 மி.லி. என்ற பழைய அளவில் மூச்சுப் பெற்றவர்களில் 39.8 விழுக்காட்டினர் இறந்தார்கள். 6 மி.லி. பெற்றவர்களில் 31 விழுக்காட்டினர்.

இங்கே சொல்லப்படும் எடை தராசில் காட்டும் எடை அன்று. உயரத்திலிருந்து கணக்கிடும் எடை. ஒருவர் பருத்தாலும் நுரையீரல் பருக்காது. 165 செ.மீ. உயரமுள்ள ஆணுக்கு ஒரு மூச்சு ஏறக்குறைய 370 மி.லி.; 150 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு 260 மி.லி.தான். நம் கிராமத்துப் பெண்களில் உயரம் குறைந்தவர்கள் பலர். அவர்களுக்குப் பொத்தாம்பொதுவாக 400 என்று வைத்துவிட்டால் ஒவ்வொரு நிமிடமும் இருபது முறை அந்தத் தவறு நடக்கும். தையற்காரர் பயன்படுத்தும் அளவு நாடா ஒன்றை எடுத்து, படுத்திருப்பவரின் உயரத்தை உச்சியிலிருந்து குதிகால் வரை அளந்து கேஸ் ஷீட்டில் எழுதுவதைவிட மலிவான நுரையீரல் சிகிச்சை எனக்குத் தெரிந்து கிடையாது.

கரியமில வாயு ஏறுவதைப் பொறுக்கலாம் என்றாலும் எல்லாராலும் பொறுக்க முடியாது. மதுரையைச் சூழ்ந்து ஓடும் நான்கு வழிச்சாலைகளில் விபத்தில் சிக்கித் தலையிலும் மார்பிலும் ஒருசேர அடிபட்டு வருபவரை எடுத்துக்கொள்ளுங்கள். கரியமில வாயு மூளையின் ரத்தக்குழாய்களை விரிக்கும். அதன் அழுத்தம் ஒரு மி.மீ. ஏறினால் மூளைக்குப் போகும் ரத்தம் 3 முதல் 4 விழுக்காடு கூடும். மண்டையோட்டுக்குள் ஏற்கெனவே வீங்கிய மூளைக்கு அந்தக் கூடுதல் ரத்தம் இடமில்லாத இடத்தில் வந்து நெருக்கும். நுரையீரலைக் காக்கச் சிறிய மூச்சு வேண்டும். மூளையைக் காக்கப் பெரிய மூச்சு வேண்டும். இரண்டையும் ஒரே வென்டிலேட்டரால் செய்ய முடியாது.

கண்மாய் நிரம்பினால் மடையை உடைக்க மாட்டோம். கலுங்கு வழியே மறுகால் பாயவிடுவோம். நுரையீரலுக்கும் அப்படி ஒரு மறுகால் வெட்ட முடியுமா என்று கேட்டவர்கள் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் இருந்தார்கள். எஸ்தோனியாவில் பிறந்த தியோடர் கொலோபோவும், அவரிடம் பணிபுரிய வந்த இளம் கட்டினோனியும் 1977இல் ஆட்டுக்குட்டிகளில் இதைச் சோதித்தார்கள். ரத்தத்தைச் சிரையிலிருந்து எடுத்து, மெல்லிய சவ்வின் ஒருபுறம் ஓடவிட்டு, மறுபுறம் காற்றை ஓட்டி, கரியமில வாயுவைப் பிரித்துவிட்டு, ரத்தத்தை உடலுக்கே திருப்பினார்கள். சவ்வு எவ்வளவு வாயுவை வாங்கியதோ அந்த அளவுக்கு ஆட்டுக்குட்டி மூச்சைக் குறைத்துக்கொண்டது. உண்டாகும் கரியமில வாயு ஏறத்தாழ முழுவதையும் சவ்வு எடுத்தபோது, விழித்திருந்த அந்த ஆட்டுக்குட்டி மூச்சு விடுவதையே நிறுத்திவிட்டது. மூச்சை ஓட்டுவது ஆக்சிஜனின் பசி என்று பலரும் எண்ணுகிறோம். சாதாரண நிலையில் மூளை கணக்குப் பார்ப்பது கரியமில வாயுவைத்தான். கொரோனாவில் ஆக்சிஜன் 80க்கு இறங்கியும் சிலர் திணறாமல் பேசிக்கொண்டிருந்ததற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று அதுதான். ஆக்சிஜனைவிட ஏறத்தாழ 20 மடங்கு எளிதாகச் சவ்வுகளைக் கடக்கும் கரியமில வாயு, கெட்ட நுரையீரலிலிருந்தும் வெளியேறிக்கொண்டிருந்தது.

இந்த மறுகாலுக்கு ஏன் சிறிய வாய்க்கால் போதும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு லிட்டர் சிரை ரத்தத்தில் சுமார் 520 மி.லி. கரியமில வாயு இருக்கிறது. அதில் மிகப் பெரும்பகுதி பைகார்பனேட்டாக மாறிக் கரைந்திருக்கிறது. சிவப்பணுவுக்குள் இருக்கும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி, நொடியின் சிறு பின்னத்தில் அதை மறுபடி வாயுவாக்கித் தரும். உடல் நிமிடத்துக்கு உண்டாக்குவது 200 மி.லி.தான் என்றால், கணக்குப்படி அரை லிட்டருக்கும் குறைவான ரத்தத்திலேயே அது முழுவதும் அடங்கிவிடுகிறது. ஆக்சிஜனின் கணக்கு வேறு. சிரை ரத்தத்திலும் ஹீமோகுளோபின் முக்கால்வாசி நிறைந்தே வருகிறது. லிட்டருக்கு இன்னும் 50 மி.லி. அளவுதான் ஏற்ற முடியும். நிமிடத்துக்கு 250 மி.லி. வேண்டுமானால் இதயம் இறைக்கும் 5 லிட்டரையும் வெளியே எடுத்தாக வேண்டும்.

ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பும் எக்மோ பெரிய கருவியாக இருப்பதற்குக் காரணம் இதுதான். 2016 டிசம்பரில் முதலமைச்சர் ஜெயலலிதாவுக்கு அப்போலோவில் எக்மோ பொருத்தப்பட்டபோது தமிழ்நாட்டின் தேநீர்க் கடைகளில் அந்தச் சொல் முதன்முதலாகப் புழங்கியது. 2020இல் பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியம் எம்.ஜி.எம். மருத்துவமனையில் பல வாரங்கள் அதில் இருந்து, செப்டம்பர் 25 அன்று மறைந்தபோது ஊரே அதைப் பற்றிப் பேசியது. எக்மோவில் விரல் தடிமன் குழாய்கள் பெரிய ரத்தக்குழாய்களுக்குள் போகும். நிமிடத்துக்குப் பல லிட்டர் ரத்தம் வெளியே சுற்றும். கரியமில வாயுவை மட்டும் எடுக்கும் கருவிக்கு டயாலிசிஸ் குழாயைவிடச் சற்றுப் பருத்த, ஒன்றுக்குள் இரண்டு வழி கொண்ட ஒற்றைக் குழாய் தொடையிலோ கழுத்திலோ போதும். நிமிடத்துக்கு அரை லிட்டர் ஓட்டத்தில் நடைமுறையில் 80 முதல் 100 மி.லி. வரை வாயுவை எடுக்க முடிகிறது. உடல் உண்டாக்குவதில் அது ஏறத்தாழ பாதி.

கட்டினோனி மிலானுக்குத் திரும்பி இதை மனிதர்களிடம் செய்தார். 1979இல் அமெரிக்காவில் எக்மோ ஆய்வில் சேர்ந்த 90 பேரில் பத்தில் ஒருவர்கூடப் பிழைக்காத காலம் அது. 1986இல் அவர் வெளியிட்ட 43 நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேர் பிழைத்திருந்தார்கள். உலகம் நிமிர்ந்து பார்த்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க அவரிடம் மற்றொரு குழு இல்லை. அமெரிக்காவின் யூட்டாவில் ஆலன் மோரிஸ் 40 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்து, 1994இல் முடிவை வெளியிட்டார். கருவி பொருத்தப்பட்டவர்களில் 33 விழுக்காட்டினர் பிழைத்தார்கள். கவனமாக நடத்திய வென்டிலேட்டர் மட்டும் பெற்றவர்களில் 42 விழுக்காட்டினர். சிறு ஆய்வு என்பதால் வேறுபாடு உறுதியானதில்லை. கருவிக்குச் சாதகமாகவும் எதுவும் இல்லை.

சவ்வுகள் மேம்பட்டன, குழாய்கள் மெலிந்தன, ஆசை மறுபடி துளிர்த்தது. 2019இல் வெளியான சூப்பர்நோவா ஆய்வு, 95 பேரிடம் கருவியைப் பொருத்தி மூச்சளவைக் கிலோவுக்கு 4 மி.லி. வரை குறைக்க முடியும் என்று காட்டியது. முடியும் என்பது தெரிந்தது. பலன் உண்டா என்பதைப் பிரிட்டனின் ரெஸ்ட் ஆய்வு கேட்டது. 51 தீவிர சிகிச்சைப் பிரிவுகள், 1,120 பேரைச் சேர்க்கத் திட்டம். 412 பேரோடு நிறுத்தினார்கள். 2021இல் வந்த முடிவில், 90 நாட்களில் கருவிக் குழுவில் 41.5 விழுக்காட்டினரும் மற்றக் குழுவில் 39.5 விழுக்காட்டினரும் இறந்திருந்தார்கள். கருவிக் குழுவில் ஒன்பது பேருக்கு மண்டையோட்டுக்குள் ரத்தக் கசிவு. மற்றக் குழுவில் ஒருவருக்கும் இல்லை. குழாய்க்குள்ளும் சவ்விலும் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுக்க வேண்டும். ஓட்டம் மெதுவாக இருப்பதால் உறையும் ஆபத்து எக்மோவைவிடவும் அதிகம். உறைய விடாமல் செய்யும் மருந்து, கசிய வைக்கும் மருந்தும்கூட.

இந்த ஆய்வுகளைப் படித்துவிட்டுக் கருவியைத் தூக்கிப் போடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அதன் அறிவியல் பிழையற்றது. ஆனால் அறிவியல் சரியாக இருப்பதும் சிகிச்சை பலன் தருவதும் வேறு வேறு. 6 மி.லி. மூச்சே பெருவாரியான நுரையீரல்களைக் காத்துவிடும்போது, அதை 3 ஆக்குவதால் கிடைக்கும் கூடுதல் லாபம் சிறிது. ரத்தத்தை வெளியே எடுப்பதன் விலை பெரிது. ஒப்பிட, நோயாளியைக் குப்புறப் படுக்க வைப்பதை எடுத்துக்கொள்ளலாம். 2013இல் பிரெஞ்சு மருத்துவர் கெரான் 466 பேரிடம் செய்த ஆய்வில், நாளொன்றுக்குக் குறைந்தது 16 மணி நேரம் குப்புறப் படுக்க வைக்கப்பட்டவர்களில் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் 16 விழுக்காடு. மல்லாந்தே படுத்திருந்தவர்களில் 32.8. இதற்கு வேண்டியதெல்லாம் பழகிய நான்கைந்து பேரின் கைகள்.

கரியமில வாயுவோடு ஆண்டுக்கணக்கில் வாழ்பவர்களும் இருக்கிறார்கள். விறகடுப்பின் முன் முப்பது, நாற்பது வருடம் ஊதுகுழலோடு உட்கார்ந்த பெண்களுக்குப் பீடி குடிக்காமலே நாள்பட்ட மூச்சுத்தடை நோய் வருகிறது. சென்னை இராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் பிரிசில்லா ஜான்சன், கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் திருவள்ளூர்ப் பகுதியில் புகைபிடிக்காத கிராமத்துப் பெண்கள் 900 பேரைச் சோதித்து, 2.44 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதை 2011இல் பதிவு செய்தார்கள். மார்கழிப் பனியில் சளி பிடித்து இளைப்பு முற்றி அவர்கள் வரும்போது, ஏபிஜி தாளில் கரியமில வாயு 80, 90 என்று இருக்கும். இவர்களுக்கு ஆக்சிஜனைத் தாராளமாகத் திறந்துவிடுவதே ஆபத்து. 88க்கும் 92க்கும் இடையில் நிறுத்தினால் போதும், அதற்கு மேல் போனால் கரியமில வாயு இன்னும் ஏறும். இறுக்கமான முகமூடி வழியே அழுத்தக் காற்றுக் கொடுக்கும் பைபாப்தான் இவர்களுக்கு உரியது. பிரான்சின் லோரான் பிரொஷார் 1995இல் 85 பேரிடம் காட்டியது இன்றும் நிற்கிறது: முகமூடி பெற்றவர்களில் 26 விழுக்காட்டினருக்கே தொண்டைக் குழாய் தேவைப்பட்டது, மற்றவர்களில் 74 விழுக்காட்டினருக்கு, இறப்பு 29 விழுக்காட்டிலிருந்து 9 ஆகக் குறைந்தது. இந்நோயாளிகளிடம் ரத்தம் வழி வாயு எடுக்கும் கருவியைச் சோதித்த அமெரிக்க ஆய்வும் நூற்றுச் சொச்சம் பேரோடு முன்கூட்டியே நின்றுபோனது. வென்டிலேட்டர் இல்லாத நாட்கள் கூடவில்லை.

இந்தக் கருவிகளெல்லாம் மின்சாரத்தை நம்பியவை. 2019 மே 7 மாலை மதுரையில் மழையோடு மின்சாரம் போனது. அரசு இராசாசி மருத்துவமனையில் வென்டிலேட்டரில் இருந்த நோயாளிகள் சிலர் அந்த நேரத்தில் இறந்தார்கள். மின்தடையால் கருவி நின்றுதான் இறந்தார்கள் என்று உறவினர்கள் குற்றம் சாட்டினார்கள். அவர்கள் ஏற்கெனவே மிகவும் கவலைக்கிடமாக இருந்தவர்கள், மின்தடை காரணமில்லை என்று மருத்துவமனைத் தரப்பு மறுத்தது. எது உண்மையானாலும், அந்த மாலையை நினைக்கும்போது ஒவ்வொரு வென்டிலேட்டரின் தலைமாட்டிலும் தொங்க வேண்டிய ஆம்பு பை எனக்கு நினைவுக்கு வருகிறது. கோபன்ஹேகன் மாணவர்கள் அழுத்தியது அதன் மூதாதையைத்தான். மின்சாரமும் மின்கலமும் கைவிட்டாலும், நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து முறை அதை நிதானமாக அழுத்த இரண்டு கைகள் இருந்தால் கரியமில வாயு வெளியேறும். பதற்றத்தில் வேகமாக அழுத்துவதுதான் பொதுவாக நடக்கும் பிழை. பயிற்சியால் அது சரியாகும். அந்தப் பயிற்சியை வார்டு உதவியாளர்களுக்கும் கொடுக்க வேண்டும்.

ஆய்வுகளில் பலன் தெரியவில்லை என்றால், ரத்தம் வழி வாயு எடுக்கும் இந்த மறுகால் யாருக்கு? எனக்குத் தோன்றுவது, முன்னே சொன்ன அந்த விபத்து நோயாளிக்கு. தலையும் நெஞ்சும் சேர்ந்து அடிபட்டு, கரியமில வாயுவை ஏறவிடவும் முடியாமல் மூச்சைப் பெரிதாக்கவும் முடியாமல் இருப்பவர். நுரையீரல் மாற்றுக்காகக் காத்திருப்பவர். முகமூடியும் வென்டிலேட்டரும் தோற்றுப்போன கடும் ஆஸ்துமாக்காரர். தலையில் அடிபட்டவருக்கு ஹெப்பாரின் கொடுக்கத் தயங்கவேண்டியிருக்கிறது. அந்த முடிச்சை அவிழ்க்க, கருவிக்குள் மட்டும் வேலை செய்து உடலுக்குள் செயலிழந்துவிடும் சிட்ரேட் முறையைச் சோதிக்கிறார்கள். டயாலிசிஸில் அது ஏற்கெனவே வழக்கத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஃபெடர்ஸ்பீல் குழுவினர் சவ்வின் இழைகள்மேல் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதியையே ஒட்டவைத்து, பைகார்பனேட்டை அங்கேயே வாயுவாக்கி இழுக்கப் பார்க்கிறார்கள். அது கைகூடினால் இன்னும் குறைந்த ரத்த ஓட்டம் போதும். நிமிடத்துக்கு 200, 300 மி.லி. என்றால், அது டயாலிசிஸ் இயந்திரம் இன்றைக்கே இறைக்கும் அளவு.

டயாலிசிஸ் இயந்திரங்கள் மதுரையில் மட்டுமல்லாமல் சுற்றியுள்ள மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இருக்கின்றன. அவற்றை இயக்கும் தொழில்நுட்பர்கள் இருக்கிறார்கள்; குழாய் உறைந்தால் என்ன செய்வது, ரத்தம் கசிந்தால் என்ன செய்வது என்று அவர்களுக்குக் கைப்பழக்கம் உண்டு. அந்தச் சுற்றில் ஒரு சவ்வு நுரையீரலைச் சேர்ப்பது பொறியியலில் பெரிய தாண்டல் இல்லை; பல நாடுகளில் செய்து பார்த்துவிட்டார்கள். செய்ய வேண்டியது, தலையும் நெஞ்சும் அடிபட்டவர்களை மட்டும் தேர்ந்து, உயரம் அளந்து, குப்புறப் படுக்க வைக்க முடிந்தவர்களைப் படுக்க வைத்து, அதற்குப் பிறகும் கரியமில வாயு அடங்காதவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து நடத்தும் ஆய்வு. அத்தகைய நோயாளிகள் நம் நெடுஞ்சாலை விபத்துகளிலிருந்து வந்துகொண்டிருக்கிறார்கள். அந்த ஆய்வை நடத்த மதுரை போன்ற ஊரின் விபத்துச் சிகிச்சைப் பிரிவுகளே ஏற்ற இடம்.